மூன்று தண்ணீர் ஊற்றி வேகவைத்த எலும்பு

நாய்க்கு வேகவைத்த எலும்பைப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, ஆனாலும் வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. போன மாதம் தஞ்சாவூரில் மகள் குடியிருக்கும் காலனிக்குப் போயிருந்தேன். எதிர்வீட்டுப் பெண் பிரியாணியில் மிஞ்சிய கோழி எலும்பையெல்லாம் ஒரு தட்டில் வழித்துக்கொண்டு வந்து, "வாடா செல்லம்" என்று தன் நாய்க்கு முன்னால் வைத்தாள். நான் கேட்டைத் திறந்துகொண்டு போய்த் தட்டைக் காலால் தள்ளிவிட்டேன்.

"என்ன ஆண்ட்டி இது? நாய் எலும்பு தின்னாம இட்லியா தின்னும்?" என்று கேட்டாள்.

"இட்லியே போடு. உசுரோட இருக்கும்" என்றேன்.

அவளுக்குக் கோபம், என் மகளுக்கு அவமானம். இருக்கட்டுமே! மறுநாள் காலையில் அந்தப் பெண்ணே மனசு கேட்காமல் வந்து, "அப்ப எதைத்தான் போடுறது, சொல்லுங்க" என்றாள். அவளோடு கறிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்லி எலும்பைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்கப் பார்த்தார். வேண்டாம் என்றேன். ஆட்டின் கால் எலும்பு கல் மாதிரி, வெறிகொண்டு கடிக்கிற நாய்க்குப் பல் பிளந்துபோகும். அன்று காலையில் அறுத்த ஆட்டின் கழுத்தெலும்பை வெட்டாமல், சதை ஒட்டியபடி முழுசாகக் கேட்டேன். நாயின் வாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அப்படியே விழுங்க முடியக்கூடாது. பச்சையாகப் போட வேண்டும். பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கடித்துக் கடித்து முழுங்குகிற அளவுக்குச் சிறுத்துப்போனால் பிடுங்கிவிட வேண்டும். மிச்சத்தை ஈ மொய்க்க வாசலில் போட்டுவைக்கக் கூடாது, குட்டிக்கும் கிழட்டு நாய்க்கும் இந்த யோசனையே வேண்டாம். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் வழியில் ஒரு கடையைக் காட்டி, "இங்க வெள்ளையா முடிச்சுப் போட்ட எலும்பு விக்கிறாங்க ஆண்ட்டி, அது நல்லதா?" என்றாள். அது எலும்பே இல்லை, சுருட்டிக் காயவைத்த தோல். தண்ணீர் பட்டால் ஊறி உப்பும், தொண்டையில் நின்றால் நாய் கதை முடிந்தது. அதே கடையில் நாய் கடிக்க விற்கிற வேறு ஒன்றை எடுத்துக் கட்டை விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். நகம் பதியவே இல்லை. கடையில் விற்கிறதில் நகம் பதியாததை நாய் வாயில் வைக்காதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"உங்களுக்கு இவ்வளவு எப்படித் தெரியும்?" என்று அவள் கேட்டாள். தெருவில் நின்று சொல்கிற கதையா அது?

ஐம்பது வருஷத்துக்கு முந்தின கதை. ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. உச்சவரம்புக்கு மேல் இருக்கிற நிலத்தை உழைக்கிறவனுக்குக் கொடுக்கிறோம் என்று சட்டம் வந்தது. எங்கள் ஊர்ப் பண்ணையார் தன் மாமனார், மச்சினன், செத்துப்போன சித்தப்பா, இன்னும் பிறக்காத பேரன் எல்லார் பேரிலும் எழுதிவைத்தது போக, கடைசியில் மிஞ்சிய களர் நிலத்தில் எங்களுக்கு ஒரு ஏக்கர் விழுந்தது. மேடை போட்டு, மைக் கட்டி, மாலை போட்டுப் பட்டா கொடுத்தார்கள். பட்டா கைக்கு வந்தது. நிலம் அவ்வளவு சுலபத்தில் கைக்கு வரவில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு வருஷம் எருவும் தழையும் போட்டு அந்தக் களரை மண்ணாக்கினோம். நாற்று விட்டோம், நட்டோம். பயிர் முழங்கால் உயரம் வரும்போது பண்ணை மாடுகள் வந்து இறங்கும். யாரும் ஓட்டிவந்ததாக இருக்காது. "வாயில்லாத ஜீவன், வழி தெரியாம வந்துடுச்சு" என்பார் காரியக்காரர். பண்ணையின் நிர்வாகமெல்லாம் அவர் கையில். நாற்பது மாடும் ஒரே நாளில், ஒரே வயலுக்கு வழி தெரியாமல் வருமா? போலீசில் சொன்னால், மாட்டின் மேல் எப்படிம்மா கேஸ் போடுவது என்று சிரித்தார்கள். முதல் போகம் அப்படியே போனது.

அதற்குப் பிறகுதான் நாய் வந்தது. எங்கிருந்தோ வந்த செவலைப் பெட்டை. அதற்குப் பேர் கிடையாது, "இந்தா" என்றால் வரும். யாரும் சொல்லிக் கொடுக்காமலே வயலைத் தன் வயலாக எடுத்துக்கொண்டது. வரப்பில் படுத்திருக்கும். மாட்டின் தலை தெரிந்தால் போதும், குளம்புக்குக் குளம்பு பாய்ந்து குரைத்து மேட்டுக்கே விரட்டிவிட்டு வரும். ஆனால் மனிதரை ஒரு நாளும் கடித்ததில்லை. குழந்தைகள் வாலைப் பிடித்து இழுத்தாலும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும். இரண்டாம் போகமாக நட்ட அந்தத் தாளடிப் பயிர் தை மாதத்தில் பால் பிடித்து நின்றது என்றால் அது நாய் புண்ணியம். எங்கள் வீட்டில் அந்த வருஷம் சோறு இருக்குமா இருக்காதா என்பது அந்த நாயின் கையில் இருந்தது என்றே சொல்வேன்.

பண்ணையிலும் ஒரு நாய் இருந்தது. ராஜபாளையத்திலிருந்து வாங்கிவந்த வெள்ளை நாய், கன்றுக்குட்டி உயரம். ஒரு முறை கூலியை ஏற்றிக் கேட்கப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து போனோம். காரியக்காரர் நாயின் சங்கிலியை அவிழ்த்தார். என் ஆடுதசையில் இன்றைக்கும் நான்கு பல் தடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த நாய்க்கு ஆட்டெலும்பைப் பச்சையாகப் போடுவார்கள். ரத்தம் சொட்டச் சொட்ட அது கடிப்பதைக் களத்துக்குப் போகும்போது எல்லாரும் பார்ப்போம். எங்கள் தெரு அதைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருந்தது: பச்சை எலும்பு தின்றால் நாய்க்கு ரத்த ருசி தெரிந்துவிடும், ரத்த ருசி கண்ட நாய் மனிதனைக் கடிக்கும். அதனால் எங்கள் தெருவில் யாரும் நாய்க்குப் பச்சை எலும்பு போட மாட்டோம். பண்ணை நாய் மாதிரி எங்கள் நாய் ஆகிவிடக் கூடாது. அதில் எங்களுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையில் மண் விழ!

இனி என் கொழுந்தனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை, எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அண்ணன் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் கொடி பிடித்தார், தம்பி பண்ணையில் மாடு பார்த்தான். சின்ன வயதிலிருந்தே மாட்டோடு கிடந்தவன், அதை விட்டு வர மனசில்லை. "சங்கம் கூலி வாங்கிக் குடுக்கட்டும், நான் வேணாங்கல. மாட்டுக்கு யாருண்ணே வைக்கோல் போடுறது?" என்பான். அண்ணனுக்கு அது பொறுக்காது. கொடிக்கம்பத்தடியில் நாலு பேர், "உன் தம்பி பண்ணைச் சோறு" என்று குத்திக் காட்டுவார்கள். வீட்டுக்கு வந்து அந்தக் கோபத்தையெல்லாம் என் மேல் கொட்டுவார்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கரிநாள். பண்ணை வீட்டில் கிடா வெட்டினார்கள். வேலைக்காரர்களுக்கு எலும்பும் குடலும் பங்கு. கொழுந்தன் ஒரு தாமரை இலை நிறைய விலாவும் காலெலும்பும் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தான்.

"அண்ணி, ரசம் வச்சது போக ரெண்டு துண்டு அதுக்குப் பச்சையாவே போடுங்க. பாவம், வயலே கதின்னு கெடக்குது" என்றான்.

"பச்சையாவா? உங்க பண்ணை நாய் மாதிரி என் பிள்ளைங்க காலைப் புடுங்கவா?" என்று சீறினேன். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

நான் முதல் தண்ணீரில் மிளகும் சீரகமும் போட்டு ரசம் வைத்தேன். பிள்ளைகள் மூன்றும் வயிறு முட்டக் குடித்தன. இரண்டாவது தண்ணீர் ஊற்றி மறுபடியும் கொதிக்கவிட்டேன். மூன்றாவது தண்ணீரில் உப்பும் மஞ்சளும் போட்டு, ரத்த வாடை சுத்தமாகப் போகிறவரைக்கும் வேகவைத்தேன். மறுநாள் பூராவும் முறத்தில் பரப்பி வெயிலில் காயவைத்தேன். ஒரு வாரத்துக்கு வைத்துப் போடலாம் என்று கணக்கு. எவ்வளவு சிரத்தை பாருங்கள்! அன்று சாயங்காலம் நாய்க்கு விலாவில் இரண்டும் காலில் ஒன்றும் போட்டேன். முறுக்கு கடிக்கிற மாதிரி மொறுமொறுவென்று கடித்துத் தின்றது. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலையில் அது வயலுக்குப் போகவில்லை. முதுகைக் கூன்போட்டுக்கொண்டு கொல்லையில் நின்றது. வெளிக்கு இருக்க முக்கி முக்கிப் பார்த்தது, ரத்தம்தான் வந்தது. கக்கியது. வயிற்றைத் தொட்டால் முனகியது. உச்சி வேளைக்குள் பண்ணை மாடுகள் எங்கள் வயலில் இறங்கிவிட்டன.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பாதிப் பயிர் இல்லை. மூன்று நாளுக்கு முன்னால் மாட்டுப் பொங்கலுக்கு வர்ணம் அடித்த கொம்புகள், கறுப்பும் சிவப்பும். பண்ணையார் அந்த வருஷம்தான் ஆளுங்கட்சிக்கு மாறியிருந்தார், கொம்பு முதற்கொண்டு மாறியிருந்தது. பால் பிடித்த கதிரை அந்தக் கொம்புகள் ஆட ஆட மென்றுகொண்டு நின்றன. நான் மண்ணாங்கட்டியை எடுத்து எடுத்து எறிந்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு மாடும் அசையவில்லை.

"விஷம்" என்றார் என் வீட்டுக்காரர். வயலிலிருந்து திரும்பி வந்து நாயைப் பார்த்ததும் அந்த ஒரு சொல்தான். தெருவும் அதையே சொன்னது. பண்ணை வீட்டு எலும்பு, பண்ணை வேலைக்காரன் கையால் வந்தது, நாய் படுத்த அன்றே மாடு இறங்கியது. யாருக்குத்தான் தோன்றாது?

சாயங்காலம் கொழுந்தன் மன்னார்குடியிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்தான். பண்ணையில் காலையிலேயே பிண்ணாக்கு வாங்க அனுப்பியிருக்கிறார்கள். தெருமுனையில் வண்டியை நிறுத்தி இறங்கியதும் அண்ணன் அடித்தார். கையால் அடித்தார், பிறகு அவன் கையிலிருந்த, மாடு ஓட்டுகிற தார்க்குச்சியையே பிடுங்கி அடித்தார்.

"என்னத்தடா கலந்த? சொல்றா, என்னத்தக் கலந்த?"

"நான் ஒண்ணும் கலக்கலண்ணே. சத்தியமா கலக்கல."

"மாட்டை அவுத்து விட்டுட்டு ஊருக்குப் போயிட்டியா?"

"நான் மன்னார்குடில இருந்தேண்ணே. யாரு அவுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது." பிறகு என் பக்கம் திரும்பினான். உதடு கிழிந்திருந்தது. "அண்ணி, நீங்க சொல்லுங்க. அதே எலும்புல ரசம் வச்சுத்தானே பிள்ளைங்க குடிச்சுது? விஷம்னா அதுகளுக்கு ஒண்ணும் ஆகலியே?"

இதைவிடத் தெளிவாக எந்த வக்கீல் பேசுவான்? சட்டியிலிருந்து பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்தவள் நான். மூன்று பிள்ளைகளும் குத்துக்கல்லாட்டம் என் எதிரிலேயே நிற்கின்றன. ஒன்றுக்கும் வயிற்றுவலிகூட இல்லை. என் புத்தி எங்கே போயிருந்தது? "அப்புறமா முறத்துல தடவியிருப்ப" என்றார் என் வீட்டுக்காரர். உடனே எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்தான். தலையாட்டியது மட்டுமா? "உனக்குச் சோறு போட்ட கைக்கு இதான் கைம்மாறா?" என்று கேட்டேன். என் வாயால்தான் கேட்டேன். வேறு யாரும் கேட்டதாக மாற்றிச் சொல்ல இப்போது ஆசையாக இருக்கிறது, முடியவில்லை.

அவனை ஊரைவிட்டுத் தள்ளிவைத்தார்கள். ஒரு வீட்டிலும் தண்ணீர் கொடுக்கக் கூடாது, நெருப்பு கொடுக்கக் கூடாது, பேசக் கூடாது. அவன் வாய்க்கால் மதகில் போய் உட்கார்ந்துகொண்டான்.

சங்கச் செயலாளர் பக்கத்து ஊர்க்காரர், நல்ல மனிதர், ஜெயிலுக்கெல்லாம் போனவர். அவர் சொன்னார்: "மாட்டு மேல கேஸ் போட முடியாதுன்னான்ல? விஷம் வச்சான்னா போடலாம். நாயை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க தோழர். அதைத் தாசில்தார் மேசையில வச்சுப் பேசிக்குவோம்." தெருவில் எட்டாவது வரைக்கும் படித்த பெண் நான் ஒருத்திதான். என்னை அனுப்பினார்கள்.

மறுநாள் காலை நாயைப் பழைய புடவையில் சுற்றிக் கூடையில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு போனேன். ஒரத்தநாட்டுக்கு பஸ். கண்டக்டர் நாயை ஏற்ற முடியாது என்றார்.

"கோழி ஏறுது, ஆட்டுக்குட்டி ஏறுது, குடிச்சிட்டுக் கக்குறவன் ஏறுறான். இது ஏறினா மட்டும் உங்க பஸ்சு தீட்டாயிடுமா?" என்று நடுரோட்டில் நின்று கத்தினேன். முன்னால் நின்றுகொண்டேதான் கத்தினேன், பஸ் எப்படி நகரும்? "ஏறித் தொலைம்மா" என்றார். ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயசுக்காரர். மேசையில் வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது. ஊசி போட்டார். ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் அது காலை ஒரு தரம் நீட்டி மடக்கியது, அவ்வளவுதான். என் புடவையின் மேலேயே போய்விட்டது. நான் அழவில்லை. "விஷம்னு எழுதிக் குடுங்க சார்" என்றேன்.

"பாக்காம எப்படிம்மா எழுதுறது? அறுத்துப் பாக்கணும். சம்மதமா?"

"அறுங்க."

அறுத்தார். நான் வெளியே போகவில்லை, நின்று பார்த்தேன். முதலில் இரைப்பையைத் திறந்து முகர்ந்தார், இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு குடலை விரலால் தடவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். இடுக்கியால் ஒன்றைப் பிடித்து இழுத்தார். சாம்பல் நிறத்தில், விரல் நீளத்தில், கோணி தைக்கிற ஊசி மாதிரி ஒரு சில்லு. குடலைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தது. இன்னொன்று. இன்னும் இரண்டு. தட்டில் போட்டபோது ஒவ்வொன்றுக்கும் சத்தம் கேட்டது.

"என்னம்மா போட்டீங்க இதுக்கு?"

"எலும்பு சார். ஆட்டெலும்பு."

"வேக வச்சதா?"

"ஆமா சார். மூணு தண்ணி ஊத்தி நல்லா வேக வச்சு, வெயில்ல காய வச்சுப் போட்டேன்." சொல்லும்போது என் குரலில் பெருமை இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றும்.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து மெதுவாகத்தான் சொன்னார். பச்சை எலும்பு வளையும், நைந்து கொடுக்கும், நாய் வயிறு அதைக் கரைத்துவிடும். வேகவைத்தால் அந்தப் பதம் போய்விடும். காயவும் வைத்தால் கண்ணாடிதான். கடித்தால் சில்லுச் சில்லாக உடைந்து போகிற வழியெல்லாம் கிழிக்கும். "விஷம் இல்லம்மா. அந்த எலும்பைப் பச்சையா, பெருசாப் போட்டிருந்தா இது இன்னைக்கு உங்க வயல்ல நின்னிருக்கும்."

"பச்சையாப் போட்டா நாய் மனுசனைக் கடிக்கும்ல சார்? பண்ணை நாய் அப்படித்தான் கடிக்குது" என்றேன்.

"அவுத்து விட்டு ஏவுறவன் இருந்தாக் கடிக்கும். அதுக்கு எலும்பு என்னம்மா பண்ணும்?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. சங்கிலியை அவிழ்த்த கையை என் கண்ணால் பார்த்தவள் நான். பழியை எலும்பின் மேல் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அவர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். சில்லுகளையும் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். நாயை அங்கேயே ஆஸ்பத்திரிக் கொல்லையில் புதைத்தார்கள். பஸ்ஸில் வரும்போது நாய்க்காக அழ வேண்டும் என்று நினைத்தேன், மதகில் உட்கார்ந்திருக்கிறவன் முகம்தான் வந்தது.

ஊருக்குள் நுழைந்ததும் செயலாளர் எதிரே வந்தார். "எழுதிக் குடுத்தாரா?" காகிதத்தை நீட்டினேன். படித்தார். முகம் சுருங்கியது. காகிதத்தை நாலாக மடித்தார்.

"இது இப்ப வெளியில வர வேணாம் தோழர். விஷம்னே இருக்கட்டும். பயிரை மேய்ச்சது நெசந்தானே? அதுக்கு ஒரு பிடி வேணும்ல?"

"அப்ப என் கொழுந்தன்?"

"ஒரு ஆளு. கொஞ்ச நாள்ல ஜனங்க மறந்துடுவாங்க."

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வெறி. "பண்ணையார் எங்களை அப்படித்தானே நெனச்சாரு, ஒரு ஆளு, ஒரு ஆளுன்னு! நீங்களும் அதே சொல்றதுக்கு எதுக்கு இந்தக் கொடி?" என்று கேட்டேன். அவர் கையிலிருந்து காகிதத்தைப் பிடுங்கினேன். அவர் தடுக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவர் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை இருக்கிறது.

நேரே வீட்டுக்குப் போனேன். அந்த எலும்பை ஒருவரும் தொடக்கூடாது என்று என் வீட்டுக்காரர் கூரையின் மேல் வைத்திருந்த முறத்தை இறக்கிக்கொண்டு கொடிக்கம்பத்தடிக்கு வந்தேன். பொழுது இறங்க இன்னும் நேரம் இருந்தது. கூலி வேலையிலிருந்து பெண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தெருவே கூடிவிட்டது. என் வீட்டுக்காரர், "ஏய், என்னடி பண்ற?" என்றார்.

"நாயைக் கொன்னவளைக் காட்டப் போறேன்" என்றேன்.

முந்தானையை அவிழ்த்துச் சில்லுகளைத் தரையில் போட்டேன். முறத்திலிருந்து ஒரு விலாவை எடுத்து இரண்டு கையாலும் வளைத்தேன். படக்கென்று உடைந்து உள்ளங்கையில் ஏறியது. ரத்தம் வந்தது. எல்லாரும் பார்க்கட்டும் என்று கையை நீட்டினேன். "விஷமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நான் வேக வச்ச எலும்புதான் அதோட குடலைக் கிழிச்சிருக்கு. டாக்டர் அறுத்துக் காட்டுனாரு, இந்தக் கண்ணால பாத்தேன். நாயைக் கொன்னது நானு. நாய் இல்லைன்னு தெரிஞ்சதும் மாட்டை அவுத்து விட்டது காரியக்காரன். நாம அடிச்சதோ, ரெண்டுலயும் இல்லாதவனை!"

ஒரு பெண், "கொழுந்தனைக் காப்பாத்த இவ கதை கட்டுறா" என்று முணுமுணுத்தாள். நான் முறத்தை அவள் பக்கம் நீட்டி, "நீயே ஒண்ணு எடுத்து ஒடச்சுப் பாரு" என்றேன். அவள் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் குனிந்து ஒரு சில்லை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். பிறகு முறத்திலிருந்து ஒன்றை எடுத்து அவரும் உடைத்தார். அதையும் போட்டுவிட்டு, மதகை நோக்கி நடந்தார்.

இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். கொழுந்தனின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. ஊர்ப் பெரியவர்கள் அவனை உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. ஒருவர் செம்பில் தண்ணீர் நீட்டினார். அதையும் வாங்கவில்லை.

"ஒன் மேல தப்பு இல்லப்பா. டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. மனசுல வச்சுக்காத, வீட்டுக்குப் போ" என்றார்கள்.

"வாய்யா, சாப்பிட வா" என்று நானும் கூப்பிட்டேன். என் கையில் இன்னும் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

அவன் கீழே கிடந்த சில்லுகளைப் பார்த்தான். அண்ணனைப் பார்க்கவில்லை, ஊரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான்.

"நான் வாயால சொன்னேன் அண்ணி, நீங்க நம்பல. ஒரு நாயோட வயித்தை அறுத்துப் பாத்துட்டு வந்து நம்புறீங்க. நாளைக்கு வேற ஏதாவது ஒண்ணுன்னா எதை அறுத்துப் பாப்பீங்க?"

கத்திச் சொல்லவில்லை. கேள்வி கேட்கிறவனைப் போலத்தான் கேட்டான். அன்று அவன் எங்கள் வீட்டுக்கும் வரவில்லை, பண்ணைக்கும் திரும்பிப் போகவில்லை. கோடியக்கரைப் பக்கம் உப்பளத்து வேலைக்குப் போனான், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் வருவான், பந்தலில் நிற்பான், வேலை செய்வான். சாகிறவரைக்கும் என் கையால் ஒரு வாய்ச் சோறு அவன் தின்னவில்லை.